ஒயின்தான் சைட் டிஷ்

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. "ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதாமே" என்று யாராவது ஃபார்வர்ட் அனுப்பினால் நம்பாதீர்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. டெல்லியில் சட்டப்படி வயது 25 ஆகியிருக்க வேண்டும். வண்டி ஓட்டப் போகிறவருக்கு ஒரு வாய்கூட கிடையாது. ஆச்சா? இனி, ஏற்கெனவே குடிக்கிற வீடுகளுக்கும், குடிக்கிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கிற வீடுகளுக்கும் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

நம்ம ஊரில் "ஒயின் ஷாப்" என்று போர்டு மாட்டிய கடைகளில் பிராந்தி கிடைக்கும், ரம் கிடைக்கும், பீர் கிடைக்கும். ஒயின் மட்டும் கேட்டால் கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். 2003இல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கைக்குப் போனபிறகு போர்டு மாறியது, பேச்சில் பெயர் மாறவில்லை. ஒயின் என்ற சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு சரக்கை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய ஒரே இனம் நாமாகத்தான் இருக்கும் :-)

போகட்டும். அதைவிடப் பெரிய விஷயம் நாம் குடிக்கிற முறை. குவார்ட்டர், ஆஃப் என்றுதான் கணக்கு. கூட வைக்கிற ஊறுகாய், சுண்டல், அவித்த முட்டை, சிக்கன் 65 எல்லாவற்றுக்கும் "சைட் டிஷ்" என்று பெயர். அதாவது குடிதான் சாப்பாடு, சாப்பாடு தொட்டுக்கொள்ள. இந்தப் பெயரை யோசித்தாலே போதும், நம் வீடுகளில் குடி ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கிவிடும். இத்தாலியில் இது அப்படியே தலைகீழ். அங்கே சாப்பாடுதான் மெயின். ஒயின்தான் சைட் டிஷ். மேஜையில் ரொட்டி இருக்கிற மாதிரி, உப்பு இருக்கிற மாதிரி அதுவும் ஒரு பக்கம் இருக்கும். நம் வீட்டில் மோர் இருக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

டெல்லி வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே இன்னொரு பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டன. டெல்லிக்காரர்கள் வீட்டு விருந்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். எட்டு மணிக்கு வரச் சொல்வார்கள். ஒன்பதுக்குப் போனால் நாம்தான் முதல் ஆள். பதினொன்றரை வரை விஸ்கியும் பனீர் டிக்காவும் ஓடும். பிறகு சாப்பாடு வரும். கை கழுவின ஈரம் காய்வதற்குள் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். இது போதாதென்று "கார்-ஓ-பார்" என்று ஒரு கலாச்சாரம். கடை வாசலில் காரை நிறுத்தி, உள்ளேயே பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றிக் குடிப்பது. நம்மவர்கள் வீட்டு விசேஷங்களில் இரண்டு ஊர் வழக்கமும் கலந்துவிட்டது. ஆண்கள் பால்கனியில், கதவு சாத்தியிருக்கும். பெண்கள் சமையலறையிலும் ஹாலிலும். பிள்ளைகளுக்கு "அப்பா ஃப்ரெண்ட்ஸோட பேசிட்டிருக்கார்". ஊரிலிருந்து அம்மா வந்திருந்தால் பாட்டில்கள் எல்லாம் சூட்கேஸுக்குள். எட்டு வயசுப் பையனுக்கு எல்லாம் தெரியும் என்பதுதான் இதில் வேடிக்கை. அவன் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: குடி என்பது ஒளிந்துகொண்டு, சீக்கிரம், நிறைய, ஆண்கள் மட்டும் செய்கிற ஒரு காரியம்.

குடிக்கவே கூடாது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அது நேர்மையான நிலை. என் சண்டை இந்தச் சாத்திய கதவோடுதான். குடிப்பது என்று முடிவான வீட்டில் அது சாப்பாட்டு மேஜைக்கு வரட்டும், சாப்பாடு ஆரம்பிக்கும்போது வரட்டும், சாப்பாடு முடியும்போது முடியட்டும். அதற்கு விஸ்கி உதவாது. ஒயின் உதவும். அதிலும் இத்தாலிய ஒயின் நம் சாப்பாட்டுக்குச் சரியாக வரும் என்பது என் கட்சி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"நமக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம்" என்று ஒரு மாமா கேட்டார். மாமா, நிறையவே இருக்கிறது. புதுச்சேரி பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் நாடுகளின் ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. இரண்டு கைப்பிடி வைத்த நீள ஜாடிகள். ஒயினும், ஆலிவ் எண்ணெயும், மீன் சாறும் அதில்தான் கப்பலேறும். பின்னால் ஆராய்ந்தவர்கள் அந்தத் துண்டுகளில் கிரேக்கத் தீவான கோஸ் பக்கத்து ஜாடிகளையும் இத்தாலியின் கம்பானியா பக்கத்து ஜாடிகளையும் அடையாளம் கண்டார்கள். கம்பானியா என்றால் நேப்பிள்ஸ், பாம்பே நகரம் எரிமலையில் புதைந்த பகுதி. யவனர் கொண்டுவந்த மதுவைப் பற்றி நக்கீரர் பாண்டியனை வாழ்த்திப் பாடிய பாட்டு புறநானூற்றில் 56ஆவதாக இருக்கிறது. கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிவைத்த பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் பரூச் துறைமுகத்துக்கு இறக்குமதியாகும் சரக்குகளில் முதலாவதே ஒயின்தான், அதிலும் இத்தாலிய ஒயினுக்குத்தான் கிராக்கி என்று இருக்கிறது. முசிறிக்கும் ஒயின் வரும், ஆனால் அதிகமில்லை என்கிறார். தெற்கே அப்போதே வேறு சரக்குக்குத்தான் மவுசு போலிருக்கிறது!

இரண்டாயிரம் வருஷக் கதை இருக்கட்டும். இத்தாலிக்காரர்களும் பிறக்கும்போதே கோப்பையை அளவோடு பிடித்தவர்கள் இல்லை. 1970 வாக்கில் அங்கே ஆளுக்கு வருஷத்துக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் ஓடியது. பெரும்பாலும் மட்டமான சரக்கு. 1986இல் வட இத்தாலியில் சில வியாபாரிகள் மலிவு ஒயினில் போதை ஏற்ற மெத்தனால் கலந்தார்கள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், சிலருக்குக் கண் போனது. நமக்கு இந்தக் கதை புதுசு இல்லை, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்ததும் அதே மெத்தனாலில்தான். ஆனால் அதற்குப் பிறகு அங்கே நடந்தது வேறு. பரிசோதனை கடுமையானது, பேர்போன குடும்பங்கள் தரத்தைப் பிடித்துக்கொண்டன, ஜனங்களும் மலிவு ஒயினிடமிருந்து விலகினார்கள். குறைவாகக் குடிப்பது முன்னமே தொடங்கியிருந்தது, அது தொடர்ந்தது. இன்று ஆளுக்கு 40 லிட்டர் அளவில் வந்து நிற்கிறது. குறைவாக, ஆனால் நல்லதாக. இதை எந்த மதுவிலக்குப் பிரசாரமும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி டெல்லி. இந்த ஊருக்கு ஓரளவு ஒழுங்கான இத்தாலியச் சாப்பாட்டைப் பழக்கியவர்களில் ரிது டால்மியா முக்கியமானவர். 1993இல் ஹவுஸ் காஸ் வில்லேஜில் மெஸ்ஸாலூனா என்று ஒன்றை ஆரம்பித்தார், ஊர் தயாராக இல்லை, மூட வேண்டியதாயிற்று. 2000இல் கிரேட்டர் கைலாஷ்-2இல் திவா ஆரம்பித்தபோது ஊர் தயாராகியிருந்தது. 2002இல் சுபாஷ் அரோரா டெல்லி ஒயின் கிளப் தொடங்கினார். அதற்கு முன்பு ஐந்து நட்சத்திர ஹோட்டல்களையும் தூதரக வட்டாரத்தையும் தாண்டி இங்கே ஒயின் பேச்சே அதிகம் கிடையாது. இப்போது ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒரு கடையில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாங்கிக்கொண்டு, நாலு கடை தள்ளி பார்மிஜானோ சீஸும் ஆலிவ் எண்ணெயும் வாங்கலாம். பக்கத்திலேயே வஞ்சிரம். டெல்லியில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் செங்கோட்டை என்று சொல்ல மாட்டேன், ஐ.என்.ஏ. மார்க்கெட் என்றுதான் சொல்வேன்.

ஆனால் விலை இருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். இந்தியாவில் இறக்குமதி ஒயினுக்கு நெடுங்காலமாக 150 சதவீதச் சுங்க வரி. கணக்குப் போடுவோம். இத்தாலியில் ஒரு குடும்பம் செவ்வாய்க்கிழமை ராத்திரி யோசிக்காமல் திறக்கிற பாட்டில், துறைமுகம் வந்து சேர 5 யூரோ என்று வையுங்கள். வரி மட்டும் ஏழரை யூரோ, ஆக பன்னிரண்டரை. அதற்குமேல் இறக்குமதியாளர் லாபம், டெல்லி கலால், கடைக்காரர் பங்கு. ரெஸ்டாரண்டில் உட்கார்ந்து குடித்தால் அதுபோல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. கடைசியில் அன்றாடச் சாமான் ஒன்று அந்தஸ்துச் சாமானாக ஆகிவிடுகிறது. விலை கொடுத்துவிட்டோமே என்று கண்ணை மூடி முகர்ந்து பார்ப்பது, "நோஸ்" "பாடி" என்று பேசுவது எல்லாம் இந்த வரியின் பக்கவிளைவு என்றே நினைக்கிறேன். இத்தாலியில் சாதாரண சாப்பாட்டுக் கடையில் "வீனோ தெல்லா காசா" என்றால் வீட்டு ஒயின், கால் லிட்டர், அரை லிட்டர் ஜாடியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். யாரும் முகரமாட்டார்கள்.

இந்த நிலை மாறக்கூடும். 2022 டிசம்பரில் அமலான ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் அந்த நாட்டு ஒயினுக்கு, குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்டதற்கு, வரி குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2026 ஜனவரியில் முடிந்த பேச்சில் ஐரோப்பிய ஒயினுக்கும் வரியைப் படிப்படியாகக் குறைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. குறைந்த வரி கடை விலையில் முழுசாகத் தெரியுமா என்பது வேறு கேள்வி. நடுவில் நிற்கிறவர்கள் எல்லாம் ஒதுங்கி வழி விட வேண்டுமே.

டெல்லிக் கடைகள் கதை இன்னொரு தொடர்கதை. 2021 நவம்பரில் புதுக் கொள்கை என்று எல்லாம் தனியார் கையில் போய், பளபளவென்று கடைகள், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. 2022 செப்டம்பர் 1 முதல் அதையெல்லாம் ரத்து செய்து அரசு நிறுவனங்களின் கடைகளுக்கே திரும்பினார்கள். அதனால் "இந்த பிராண்டை வாங்குங்கள்" என்று நான் எழுதப் போவதில்லை, எழுதினால் நீங்கள் போகிறபோது அது இருக்காது. வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது ஆளுக்கு 2 லிட்டர் வரியில்லாமல் கொண்டுவரலாம். நம்மவர்கள் அதில் விஸ்கியைத்தான் நிரப்புகிறார்கள். இரண்டு பாட்டில் ஒயினுக்கும் அதில் இடம் உண்டு. குர்காவில் மலிவு என்று வாங்கி எல்லை தாண்டுவதற்குமுன் கலால் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் ஃப்ராத்தெல்லி என்ற பண்ணை. ஃப்ராத்தெல்லி என்றால் இத்தாலிய மொழியில் சகோதரர்கள். டெல்லி சகோதரர்கள், அக்லூஜ் சகோதரர்கள், இத்தாலிய சகோதரர்கள் என மூன்று குடும்பம் சேர்ந்து தொடங்கியது. ஒயின் செய்பவராக டஸ்கனியிலிருந்து பியேரோ மாசி வந்தார். சான்ஜியோவேசே என்ற இத்தாலிய திராட்சையையே அங்கே நட்டு வளர்க்கிறார்கள். சுங்க வரி கிடையாது. இத்தாலிய ருசி நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க இதில் ஆரம்பிப்பதுதான் பர்ஸுக்கு நல்லது.

சரி, லேபிளைப் பார்த்து மிரளாமல் இருக்க நாலு விஷயம். இத்தாலியில் 20 பிராந்தியங்கள், இருபதிலும் ஒயின் உண்டு. சிலது திராட்சையின் பெயரில் வரும், சிலது ஊர் பெயரில். இங்கேதான் குழப்பம். மொந்தேபுல்ச்சானோ தாப்ருத்சோ என்றால் மொந்தேபுல்ச்சானோ என்ற திராட்சை, அப்ருத்சோ பகுதியில் விளைந்தது. வீனோ நோபிலே தி மொந்தேபுல்ச்சானோ என்றால் டஸ்கனியில் அந்தப் பெயருள்ள ஊர், திராட்சையோ சான்ஜியோவேசே. ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை உறவுமில்லை. பழனி என்று ஆளும் உண்டு, ஊரும் உண்டு இல்லையா, அந்த மாதிரி. டி.ஓ.சி., டி.ஓ.சி.ஜி. என்ற எழுத்துக்கள் இன்ன ஊரில் இன்ன விதிப்படி செய்தது என்பதற்கு அரசு முத்திரை. சட்டம் 1963இல் வந்தது, இரண்டாவது வகை 1980இலிருந்து. இது நம் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்த மாதிரி. முத்திரை இருந்தால் ஊர் நிச்சயம், ருசி நிச்சயமில்லை. 1968இல் ஸஸ்ஸிக்காயா என்று ஒரு ஒயின் விதிக்கு வெளியே செய்ததால் வெறும் "மேஜை ஒயின்" என்ற லேபிளோடு வந்தது, இன்று அதன் விலையைக் கேட்டால் ஒரு மாத வாடகை ஞாபகம் வரும்.

பரோலோ, ப்ருனெல்லோ, அமரோனே என்ற பெரிய பெயர்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பரோலோ குறைந்தது மூன்று வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்பது, துவர்ப்பு அதிகம், இறைச்சியும் காளானும் கேட்கும். நம் காரக் குழம்போடு வைத்தால் இரண்டும் கெட்டுப்போகும். காசு அதிகம் கொடுத்தால் நல்லது வரும் என்ற டெல்லிச் சித்தாந்தம் இங்கே பலிக்காது. நமக்கு வேண்டியது அந்த நாட்டுக்காரர்களே அன்றாடம் குடிக்கிற சின்ன ஒயின்கள்.

ஏன் இத்தாலிய ஒயின் நமக்கு ஒத்துவரும் என்று சொல்கிறேன் என்றேனே, காரணம் புளிப்பு. திராட்சையின் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக் அமிலம். நம் புளியின் புளிப்புக்கும் அதேதான்! சாப்பாடு ஒயினைவிடப் புளிப்பாக இருந்தால் ஒயின் தண்ணீர் மாதிரி சப்பென்று ஆகிவிடும். தக்காளி, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் என்று சாப்பிடுகிற இத்தாலியர்கள் அதற்கேற்ற புளிப்போடுதான் ஒயின் செய்கிறார்கள். வெயில் நாட்டு ஷிராஸ்களில் அநேகம் ஜாம் மாதிரி இனிப்பும் ஆல்கஹாலுமாக இருக்கும், புளிக்குழம்பு அதை ஒரே வாயில் தோற்கடித்துவிடும்.

அடுத்தது காரம். மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், துவர்ப்பும் கூட்டும். லேசான இனிப்பும் குளிர்ச்சியும் குறைக்கும். இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இத்தாலியர்களுக்குக் காரம் தெரியாது என்றும் நினைத்துவிடாதீர்கள். தெற்குக் கோடியில் கலாப்ரியாக்காரர்கள் மிளகாயை ரொட்டியில் தடவித் தின்கிற ஜனங்கள், நம்ம ஆந்திரா பார்ட்டி. அவர்கள் ஊர் ஒயின் ச்சிரோ, கிடைத்தால் விடாதீர்கள்.

என் வீட்டு மேஜையில் சரிப்பட்டு வந்தவற்றைச் சொல்கிறேன். உங்கள் நாக்கு வேறாக இருக்கலாம். தக்காளி தூக்கலாகப் போட்ட மீன் குழம்பு, புளிக்குழம்பு, இங்கே கிடைக்கிற பட்டர் சிக்கன் மூன்றுக்கும் பியெமோந்தே பகுதியின் பார்பேரா. புளிப்பு நிறைய, துவர்ப்பு கொஞ்சம், இதைவிட நம் குழம்புக்குத் தோதான சிவப்பு ஒயின் எனக்குத் தெரியாது. மட்டன் சுக்கா, மிளகு வறுவலுக்குக் கியாந்தி அல்லது முன்னே சொன்ன மொந்தேபுல்ச்சானோ தாப்ருத்சோ. மிளகின் காரம் வேறு, மிளகாயின் காரம் வேறு, மிளகோடு சிவப்பு நன்றாகவே போகும். வறுத்த வஞ்சிரத்துக்குக் கம்பானியாவின் ஃபலங்கீனா. அரிக்கமேட்டுக்கு ஜாடி வந்த அதே பக்கத்துத் திராட்சை என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். அது கிடைக்காவிட்டால் சொவாவே, அதுவும் இல்லாவிட்டால் பினோ கிரீஜோ, அது எங்கும் கிடைக்கும், பெரிதாக ஒன்றும் சொல்லாது, வம்பும் பண்ணாது.

பஜ்ஜி, மெதுவடை, அப்பளம், வெங்காயப் பகோடா என்று எண்ணெயில் பொரித்தது எதுவானாலும் ப்ரொசெக்கோ. அந்தக் குமிழி எண்ணெயை நாக்கிலிருந்து துடைத்துவிடும். லேபிளில் "எக்ஸ்ட்ரா டிரை" என்று இருந்தால் "ப்ரூட்" என்பதைவிட இனிப்பு அதிகம் என்று அர்த்தம், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். நமக்கு அந்த இனிப்பே நல்லது, தேங்காய்ச் சட்னியில் பச்சை மிளகாய் இருக்கிறதே.

பிரியாணிக்கும் சோலே பட்டூரேவுக்கும் லம்புருஸ்கோ. எமிலியா-ரொமாஞாவின் சிவப்பு நுரை ஒயின், குளிரவைத்துக் குடிப்பது. ஒயின் பண்டிதர்கள் பலர் இதைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள், ஒரு காலத்தில் கோலா மாதிரி இனிப்பாகச் செய்து உலகமெங்கும் தள்ளிய பாவம் அது. "செக்கோ" என்று போட்டதை வாங்கினால் இனிப்பு இருக்காது, "அமாபிலே" என்றால் கொஞ்சம் இருக்கும். காரப் பிரியாணிக்கு அமாபிலேதான். பிரியாணியோடு கோலா குடிக்கிற ஊர் இது, இதைக் குடித்தால் என்ன குறைந்துவிடும்?

சிலவற்றோடு சேர்க்கவே கூடாது. ரசத்தோடு எதுவும் வேண்டாம், அதுவே ஒரு பானம். தயிர்சாதத்துக்கு ஊறுகாய் போதும். பாயசம், கேசரியோடும் ஒத்துவராது. இனிப்போடு குடிக்கிற ஒயின் இனிப்பைவிட இனிப்பாக இருக்க வேண்டும், நம் பாயசத்தோடு அந்தப் போட்டியில் ஜெயிக்க யாராலும் முடியாது. மொஸ்காத்தோ தஸ்தி என்று ஒன்று உண்டு, ஆல்கஹால் 5 சதவீதம் அளவுதான், பழம் நறுக்கி வைத்துக்கொண்டு குடிக்கலாம். இங்கே பல வீடுகளில் "லேடீஸுக்கு ஸ்வீட் ஒயின்" என்று ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. லேடீஸைக் கேட்டுப் பாருங்கள் ஐயா. எனக்குத் தெரிந்த வீடுகளில் நல்ல புளிப்பான பார்பேராவை முதலில் பிடித்துக்கொண்டது பெண்கள்தான். குழம்பைச் சுவை பார்த்துச் சுவை பார்த்து உப்பு புளி அளக்கிற நாக்கு அது. பால்கனியில் மூன்றாவது பெக்கில் மரத்துப்போன நாக்குக்கு என்ன தெரியும்?

டெல்லி வெயில் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு ஒயினை "அறை வெப்பத்தில்" குடிக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அது ஐரோப்பியக் கல் வீட்டு அறை, 16, 18 டிகிரி. மே மாதம் மயூர் விஹார் மூன்றாவது மாடியில் அறை வெப்பத்தில் குடித்தால் கஷாயம்தான். சிவப்பையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். வெள்ளையும் ப்ரொசெக்கோவும் நன்றாகக் குளிர வேண்டும். ஃப்ரிட்ஜ் மேலே அலங்காரமாக நிற்க வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் இரண்டே மாதத்தில் பாழ். ஏ.சி. இல்லாத கடையில் ஜூன் மாதம் கண்ணாடி அலமாரியில் வெயில் பட நிற்கிற பாட்டிலை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். ஜனவரியில் அந்தக் கவலை இல்லை, டெல்லி ஜனவரி கியாந்திக்கென்றே செய்தது.

அளவு? நாலு பேர் சாப்பிடும் மேஜைக்கு ஒரு பாட்டில், 750 மில்லி. ஆளுக்கு ஒன்றரை கிளாஸ் வரும். பக்கத்தில் அதே அளவு தண்ணீர். இதில் "எத்தனை பெக் போட்டா ஏறும்" என்று கேட்கிற சாருக்குப் பதில்: ஏறுவதற்குள் சாப்பாடு முடிந்துவிடும் சார், அதற்குத்தான் இது. பிள்ளைகள் அதே மேஜையில் இருக்கட்டும், அவர்கள் டம்ளரில் தண்ணீர். அப்பா ஒரு கிளாஸ் குடித்துவிட்டு அதே பேச்சைத் தொடர்ந்து பேசுவதையும், மூடியை மூடி மீதியை எடுத்து வைப்பதையும் அவர்கள் பார்க்கட்டும். பாட்டிலைத் திறந்தால் காலி செய்தே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். அதற்கப்புறம் புளித்துப்போனால் பாஸ்தாவுக்குத் தக்காளி சாஸ் வதக்கும்போது அதில் ஊற்றிவிடுங்கள். ரசத்தில் மட்டும் வேண்டாம், சொல்லிவிட்டேன் :-)